தாழ்ப்பாளில் ஒரு தொப்பி

பக்கத்து அறையில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மக் தண்ணீர், பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு மக். குளிக்கிறவர்கள் இப்படி ஊற்றமாட்டார்கள், துணி அலசுகிறவர்களும் இப்படி ஊற்றமாட்டார்கள். ஊற்றிவிட்டு, குனிந்து எதையோ பார்த்து, இன்னும் போகவில்லையே என்று மறுபடியும் ஊற்றுகிற சத்தம் அது. பாயில் படுத்திருந்த பூமாரி கண்ணைத் திறக்காமலே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே நல்ல பகல். அறைக்குள்தான் இருட்டு. கார் பம்பரைச் சுற்றி வருகிற கறுப்பு பிளாஸ்டிக் தாளைத் தான் வேலை பார்க்கிற கார் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து ஜன்னலில் ஒட்டியிருந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சூரியனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் ஒட்டிய தாளில் மட்டும் எப்படியோ ஒரு ஊசி ஓட்டை விழுந்துவிட்டது. அது வழியாக வருகிற வெளிச்சம் சுவரில் ஒரு பொட்டாக விழும். காலையில் பீரோ ஓரம் இருக்கும், மதியத்தில் சிவகாசிக் காலண்டர் மேல் ஏறும், சாயங்காலம் பாத்ரூம் கதவுக்குப் போய் அணையும். தூக்கம் வராத நாட்களில் அந்தப் பொட்டு ஊர்வதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

சந்திரம்மாள் என்பவருக்குச் சொந்தமான அந்த வரிசையில் மொத்தமே ஆறு அறைகள், முன்னால் ஒரு நீளமான வராந்தா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் போட்ட சட்டமோ, எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ராத்திரி வேலை முடித்து வந்தவர்கள் கம்பெனித் தொப்பியைக் கழற்றி வெளித் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுப்பார்கள். தொப்பி தொங்குகிற கதவை யாரும் தட்டக் கூடாது. தண்ணீர் கேன் போடுகிறவரானாலும் சரி, வாடகைக்கு வருகிற சந்திரம்மாளேயானாலும் சரி, தொப்பியைப் பார்த்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நகர்ந்துவிட வேண்டும். அது போதாதென்று, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கொடுக்கிற ஆரஞ்சு நிறக் காதடைப்பான் ஆள் இருக்கிற எல்லா அறையிலும் கிடந்தது. அதைச் செருகிக்கொண்டு படுத்தால் தலைமாட்டில் கன்டெய்னர் லாரியே வந்தாலும் தெரியாது. பூமாரிக்கு மட்டும் அது ஆகாது. காதை அடைத்தால் சொந்த மூச்சே யாரோ பக்கத்தில் இருந்து விடுகிற மாதிரி கேட்கிறது என்பாள்.

தூக்கம் கெட்டதற்குச் சத்தம் மட்டும் காரணமில்லை. அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. கம்பெனி பாத்ரூமில் ஒளித்து வைத்துப் பார்த்த பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்தது. அதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் காண்ட்ராக்ட்காரியை அன்றைக்கே வீட்டில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். கணவன் சக்திகுமாரிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. போன வருஷம் இதேபோல் நாள் தள்ளிப் போனதும் அவன் சொந்த ஊரான கோவில்பட்டி முழுக்க போன் போட்டுச் சொல்லித் தீர்த்தான். மூன்றாம் மாதம் முடிவதற்குள் அது தங்காமல் போனது. அன்றைக்கு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு தோள் குலுங்க அழுததை அவளால் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை ஸ்கேனில் துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று சாமி மேல் ஆணை வைத்திருந்தாள். பார்க்கப் போனால் அவனிடம் சொல்வதற்கு நேரமும் கிடையாது. அவனுக்கு ஒரகடத்தில் பகல் ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். இருட்டோடு போய் இருட்டியபின் வருவான். போனைக் கம்பெனி கேட்டிலேயே லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவன் வருகிறபோது இவள் வேலைக்குக் கிளம்பி, தலையில் தொப்பியோடு வாசலில் நிற்பாள்.

மறுநாள் காலை அவள் வேலை முடிந்து வந்து உடை மாற்றப் போனபோது உள்ளாடையில் கறை இருந்தது.

பழுப்பாக, ஒரு புளியங்கொட்டை அகலம். அதற்கு நடுவில் கொஞ்சம் சிவப்பு. பாத்ரூம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மக் தண்ணீரை ஊற்றினாள். குனிந்து பார்த்தாள். சிமென்ட் தரையில் இழை மாதிரி சிவப்பு ஓடி, துவாரத்தில் இறங்கியது. இன்னொரு மக் ஊற்றினாள். மறுபடி பார்த்தாள். அப்படி எத்தனை தடவை ஊற்றினாளோ, கையில் மக்கைப் பிடித்தபடி சட்டென்று நிறுத்தினாள். இந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். ஊற்றுவது, நிறுத்துவது, பார்ப்பது, ஊற்றுவது. நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம். அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பொம்பளைக்கும் இதே கஷ்டம்தானோ என்னவோ என்று நினைத்தாள்.

எழுந்து சுடிதார் மாற்றும்போது பக்கத்து அறையில் ஒரு டம்ளர் விழுந்தது. விழுந்த வேகத்தில் உருண்டு, உருண்டு, எதிலோ முட்டி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காதில் விழுந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டிய அவசரத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு அவசரம் இருந்தது, ஆனால் குரலில் எரிச்சல் இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் வயிற்றில் தடவிய பசை இன்னும் ஜில்லென்று ஒட்டிக்கொண்டிருக்க, பூமாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அழாதம்மா. முதல் மூணு மாசத்துல இப்படிப் படறது நிறையப் பேருக்கு உண்டு. பாதிக்கு மேல நல்லபடியா பெத்துக்கறாங்க. நீ பஸ்ல குலுங்கிப் போனதால வரல, நின்னு வேலை செஞ்சதால வரல. அந்தப் பழியத் தூக்கித் தலையில வச்சுக்காத."

போன வருஷம் இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று டாக்டரம்மா பேனாவை மூடினார். "கர்ப்பப்பையில இன்னும் எதுவும் தெரியல. நாள் பத்தாம இருக்கலாம். இல்ல, கரு குழாயிலயே தங்கிட்டிருக்கலாம். இன்னிக்கு ரத்தம் கொடுத்துட்டுப் போ. நாளை மறுநாள் மறுபடி வந்து கொடுக்கணும். ரெண்டையும் பார்த்தாதான் சொல்ல முடியும். அதுக்குள்ள அடிவயிறு ஒரு பக்கமா வலிச்சாலோ, தலை சுத்தினாலோ, தோள்பட்டை நுனியில வலிச்சாலோ, நேரம் காலம் பார்க்காம ஓடி வந்துடு."

"தோள்பட்டையா மேடம்?"

"ஆமா. உள்ள ரத்தம் கசிஞ்சா வலி அங்கதான் தெரியும். வெளிய நின்னுடுச்சேன்னு வீட்ல இருந்துடாத. உள்ள கசியறது வெளிய தெரியாது."

அவள் தலையைத் தலையை ஆட்டினாள். எல்லாம் புரிந்தது. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் மனதில் பதியவில்லை.

அன்று ராத்திரி கம்பெனியில், கார் பூட்டுகிற லைனில் அவளைத் தூக்கி வேறு ஸ்டேஷனில் போட்டார்கள். தலைக்கு மேல் தொங்குகிற, துப்பாக்கி மாதிரியான கன்னை இழுத்து இழுத்து சீட்டுக்கு ஸ்க்ரூ முடுக்குகிற இடம். அந்த ஸ்டேஷனில் நிற்பவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம், தைல வாசனை அடிக்கும். விடிகிறபோது வலது தோள் கனத்தது. கறை குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தோளை அவள் நினைக்கவே இல்லை.

அறைக்கு வந்து தொப்பியைத் தாழ்ப்பாளில் மாட்டி, பாயில் விழுந்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. பாதித் தூக்கத்தில் இழுபடுகிற சத்தம் ஒன்று காதுக்குள் வந்தது. ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிறாற்போல், கொஞ்சம் இழுத்து, நின்று, கொஞ்சம் இழுத்து. பக்கத்து அறைதான். பிறகு ஏதோ ஒன்று உயரத்திலிருந்து டொப்பென்று விழுந்து தரையில் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு சுவரில் தட்டல். கையால் தட்டவில்லை, உள்ளங்கையால் அறைவதற்குப் பலமில்லாதவர்கள் முழங்கை எலும்பால் இடிக்கிற இடி. அவள் தலைக்கு நேரே. இடித்து, இடித்து, நடுவில் ஒரு முனகல். கண்ணைத் திறந்தாள். வெளிச்சப் பொட்டு காலண்டரில் முருகன் முகத்தில் இருந்தது. உச்சிப் பொழுது. இப்போது முழித்தால் இனி தூங்கின மாதிரிதான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எக்கா, யாருக்கா அது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்தேன். கொஞ்சம் சத்தம் போடாம இருங்கக்கா, புண்ணியமாப் போவும்."

இடி நின்றது. சொன்ன உடனே நின்றது. பரவாயில்லை, மரியாதை தெரிந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டு பூமாரி புரண்டு படுத்தாள். பல நாளாக வராத தூக்கம் அன்றைக்கு அடித்துப் போட்டாற்போல் வந்தது.

எழுந்தபோது பொட்டு பாத்ரூம் கதவுக்குப் போய் மங்கியிருந்தது. தாகம் எடுத்தது. இருட்டில் கையை நீட்டியபோது எவர்சில்வர் டம்ளர் தட்டுப்பட்டு விழுந்தது. உருண்டது, உருண்டது, பீரோக் காலில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பூமாரி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நேற்று கேட்ட டம்ளர் இது. விழுந்த விதம், உருண்ட நேரம், முட்டின சத்தம், கடைசிச் சுற்று. முந்தாநாள் தண்ணீர், நேற்று அவளே ஊற்றினாள். நேற்று டம்ளர், இன்றைக்கு அவள் கைபட்டு விழுகிறது. முதுகில் யாரோ ஈரத் துணியை வைத்தாற்போல் இருந்தது. விளக்கைப் போட்டு, சுடிதார் துப்பட்டாவைக் கூடத் தேடாமல் வெளியே வந்தாள்.

சந்திரம்மாள் வராந்தாவின் கடைசியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எக்கா, என் ரூமுக்குப் பக்கத்து ரூம்ல யாரு வந்திருக்கா?"

"எந்த ரூம்மா?"

"இந்தக் கடைசி ரூம். ஒரு அக்கா சத்தம் கேக்குதே."

சந்திரம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாமா சொல்ற? அந்த ரூமு பூட்டிதான் கீது. மழைல ஒழுகுதுன்னு பொங்கலுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டேனே. வேணும்னா நீயே பாத்துக்க."

போய்ப் பார்த்தாள். பூட்டு துருவேறி இருந்தது. பூட்டுக்கும் கதவுக்கும் நடுவில் சிலந்தி கட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் தரை, ஒரு மூலையில் கிழிந்த சிமென்ட் சாக்கு, பாத்ரூமில் பைப்பே கிடையாது. பழைய ஈரத்தின் வாசனை மூக்கில் ஏறியது.

"அங்க யாரும் செத்துக்கித்துப் போனாங்களாக்கா?"

"ஐயே, வாயக் கழுவு! பசங்கதான் இருந்துகினு இருந்தானுங்க, நல்லாதான் போனானுங்க. தூக்கம் பத்தலமா உனக்கு. மூஞ்சியே வெளிறிப் போய் கீது பாரு."

அன்றைக்குச் சக்திகுமார் வருகிறபோது அவள் வாசலில் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, தண்ணீரை, டம்ளரை, கறையை, எல்லாவற்றையும். அவன் பஸ் கம்பியில் சாய்ந்து தூங்கி வந்த சிவந்த கண்ணோடு, "என்னட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டான். அவன் தோளைப் பார்த்தாள். போன வருஷம் குலுங்கிய தோள். நாளைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நல்ல செய்தியோடு சொல்லிக்கொள்ளலாம் என்று, "சாப்ட்டேன், நீங்க சோத்தப் போட்டு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ராத்திரி முழுக்க அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கன் இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் நுனியில் சுரீரென்றது. கறை அறவே நின்றிருந்தது. தங்கிவிட்டது, இந்தத் தடவை தங்கிவிட்டது என்று மனசு ஒரு பக்கம் துள்ளியது. இன்னொரு பக்கம் அந்த இழுபடுகிற சத்தம் மனதை விட்டுப் போகவில்லை. இன்றைக்குக் கேட்டது இழுபடல். அப்படியானால் நாளைக்கு? அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் தலையை உதறிக்கொண்டு அடுத்த ஸ்க்ரூவை எடுத்தாள்.

பக்கத்து ஸ்டேஷன் செந்தாமரை, குன்றத்தூர்க்காரி, டீ நேரத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "இன்னாடி, தோளா? அந்த ஸ்டேஷன்ல நின்னா யாருக்குதான் வலிக்கல? எனக்கு ஒரு மாசம் கையே தூக்க முடில." கேட்காமலே தைலத்தை எடுத்து சட்டைக்குள் கையை விட்டு அழுத்தித் தேய்த்துவிட்டாள். அந்த வாசனையில், அந்தச் சூட்டில் பூமாரிக்கு நிம்மதியாகிவிட்டது. எல்லோருக்கும் வருகிற வலி. லைன் வலி. டாக்டரம்மா சொன்ன தோள் வேறு ஏதோ தோள்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஷேர் ஆட்டோ நின்றது. டிரைவர் இவளைப் பார்த்து ஹாரன் கூட அடித்தார். ராத்திரி முழுக்க விழித்த தூக்கம் கண்ணில் மண்ணாக உறுத்தியது. இந்நேரத்துக்குப் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு தூக்கம் போட்டுவிட்டு மதியம் போய்க்கொள்ளலாம், ரத்தம்தானே, எப்போது கொடுத்தால் என்ன? நடக்கிறபோது அடிவயிற்றில் இடது பக்கம் லேசாகப் பிடித்தது. வாயுவாக இருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டாள்.

அறைக்குள் நுழைகிறபோது கை தானாகத் தொப்பியைக் கழற்றித் தாழ்ப்பாளில் மாட்டியது.

பூட்டிய அறையின் சுவருக்குப் பக்கத்தில் படுக்க அவளுக்குத் தைரியமில்லை. பாயை இழுத்து எதிர்ச் சுவர் ஓரம் போட்டாள். போனை வழக்கம்போல் அந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் போர்டில் சார்ஜ் போட்டு, மேலே இருந்த பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். கதவை உள்ளே தாழிட்டாள். சத்தம் வரும் என்று பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த ஆரஞ்சுக் காதடைப்பானை உருட்டி இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். உலகம் அடங்கியது. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ பக்கத்தில் படுத்திருந்து விடுகிற மூச்சு மாதிரி.

வயிற்றுக்குள் ஏதோ கிழிந்துதான் விழித்தாள்.

கத்தினாளா என்று தெரியவில்லை, காது அடைத்திருந்தது. மல்லாக்கப் படுத்திருந்தவளின் தோள் நுனியில் ஆணி அடித்தாற்போல் வலி. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று எழுந்தாள். சுவர், பீரோ, காலண்டர் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிக் கறுத்துப் போயின. எழுந்தது தெரியும், விழுந்தது தெரியாது. கன்னத்தில் தரை ஜில்லென்றது. நெற்றியிலும் முதுகிலும் வேர்வை கொட்டியது. கையைக் கொண்டுபோய்த் தொடைக்கு நடுவில் பார்த்தாள். கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். வெளியே ஒன்றுமே இல்லை. வயிறு மட்டும் பலகையாக இறுகியிருந்தது.

உள்ள கசியறது வெளிய தெரியாது.

இப்போது புரிந்தது. எல்லாம் புரிந்தது. என் பிள்ளை என்று நினைத்தாள். அதற்குப் பிறகு, நான் என்று நினைத்தாள்.

போன். போனை எடுத்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டுவிடலாம். கதவு தூரம், ஸ்விட்ச் போர்டு அதைவிடக் கிட்டே. எழுந்திருக்க வேண்டாம், எழுந்தால்தான் கறுக்கிறது. முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்தாள். கொஞ்சம் இழுத்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி இழுத்தாள். காதுக்குள் அந்த மூச்சுச் சத்தம் தாங்கவில்லை. அடைப்பானைப் பிடுங்கி எறிந்தாள்.

இழுபடுகிற சத்தம் கேட்டது.

ஈரச் சாக்கு இழுபடுகிற சத்தம். அறைக்குள்ளேயே.

அவள் நின்றாள். சத்தம் நின்றது.

கொஞ்சம் இழுத்தாள். சத்தம் வந்தது.

வேர்வையில் நனைந்த நைட்டி சிமென்டில் உரசுகிற சத்தம் அது. அவளுடைய சத்தம். நேற்று கேட்டது இதைத்தான். பூமாரிக்குத் தலை முதல் கால் வரை மயிர் குத்திட்டது. அப்படியானால் அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். கூடாது, சார்ஜர் வயரை இழுக்கக் கூடாது, போர்டைப் பிடித்து மெதுவாக எழுந்து கையால் எடுக்க வேண்டும். போர்டுக்குக் கீழே வந்து, சுவரில் கையை ஏற்றினாள். ஏற்றினாள். பாதியில் எல்லாம் கறுத்தது. விழுகிறபோது கை எதையோ பிடித்துக்கொண்டது.

வயர்.

டொப்பென்று விழுந்தது போன். தரையில் வழுக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு அடியில் நுழைந்தது.

பீரோ எதிர் மூலையில். அவ்வளவு தூரம் இழுத்துப் போக இனித் தெம்பு இல்லை. உடம்பில் இல்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது.

சந்திரம்மாள். டயர் செருப்பு, சரக் சரக்கென்று. சாமி புண்ணியம், அக்கா வந்துவிட்டார். பூமாரி வாயைத் திறந்தாள். "எக்..." நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செருப்பு பக்கத்தில் வந்தது. கதவுக்கு நேரே வந்தது. நின்றது. கதவின் அடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது. அவள் விரலால் தரையைப் பிறாண்டினாள். தட்டுங்கக்கா. ஒரே ஒரு தட்டு. தட்டுங்க.

நிழல் குனிந்தது. செருப்பைக் கழற்றுகிற சத்தம், மிக மெல்ல. பிறகு சத்தமே இல்லாமல் இரண்டு நிழல்களும் இடுக்கிலிருந்து நகர்ந்து போயின.

தொப்பி.

வரிசையில் ஆள் இருக்கிற மற்ற அறைகள் நாலு. நாலு தாழ்ப்பாளிலும் தொப்பி. நாலிலும் காது அடைத்துத் தூங்குகிறார்கள். யாருக்கும் கேட்காது. அவள் தலையைத் திருப்பினாள். வெளிச்சப் பொட்டு காலண்டர் மேல் ஏறிக்கொண்டிருந்தது. முருகனின் தோளில் இருந்தது. கழுத்துக்கு வந்தது. முகத்துக்கு வந்தது.

நேற்று இடி கேட்டது இந்நேரம்தான்.

பக்கத்தில் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பூட்டு, சிலந்தி, வெறும் தரை. ஆனாலும் அங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள். காதை அடைக்காதவள். அவளுக்குக் கேட்கும். இந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் கேட்கும். அவள் எழுந்து வந்தால் போதும். தாழ்ப்பாளைத் திறந்தால் போதும். நேற்று திறக்கவில்லை. இன்றைக்குத் திறப்பாள். திறக்க வைக்க வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

முழங்கையைத் தூக்கி இடித்தாள்.

இடித்தாள்.

"பூ..." என்றாள். முனகலாகத்தான் வந்தது.

இடித்தாள்.

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. கண்ணாடி வளையல் உரசியது. அவள் போட்டிருக்கிற அதே வளையல். விழித்துவிட்டாள். எழுந்திரு, எழுந்திருடி, கதவைத் திற, ஆஸ்பத்திரிக்குப் போ, இப்பவே போ, அந்தத் தோள் லைன் வலி இல்லை, போ. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வாயைத் திறந்தாள். வாயில் காற்றுதான் இருந்தது.

சுவருக்குள்ளிருந்து, தூக்கக் கலக்கமும் எரிச்சலுமாக, அவளுடைய குரல் வந்தது.

"எக்கா, யாருக்கா அது? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்தேன். கொஞ்சம் சத்தம் போடாம இருங்கக்கா, புண்ணியமாப் போவும்."

தூக்கிய முழங்கை கீழே இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பூமாரி புரண்டு படுத்து, நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள்.